விடச் சொல்கிறீர்கள், விடும் வழியை எங்கே வைத்திருக்கிறீர்கள்? மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்பநலத் துறையின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுபவன் நான். 1989-ஆம் ஆண்டில், எனக்கு 19 வயது நடந்தபோது தொற்றிக்கொண்ட சிகரெட்டை 2022-இல், 52-ஆம் வயதில் விட்டேன். நாளொன்றுக்குச் சராசரியாக 15 என்று வைத்துக்கொண்டால், இந்த 33 ஆண்டுகளில் நான் ஊதித் தள்ளியவை 1,80,000-ஐத் தாண்டும். தொழில் பழக்கத்தால் அப்படி ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேனே தவிர, அதில் பெருமைப்படவும் பரிதாபம் தேடவும் ஒன்றுமில்லை. விட்டுவிட்டேன் என்று பாராட்டு வாங்கவும் இம்மடலை எழுதவில்லை. அந்த 33 ஆண்டுகளில் புகைப்பதை நிறுத்தும்படி அரசு எனக்கு ஆயிரம் முறை சொல்லியிருக்கிறது. எப்படி நிறுத்துவது என்பதை மட்டும் ஒருமுறைகூட என் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது உங்களிடம் இல்லாமலும் இல்லை. இருப்பது எங்களிடம் வந்து சேரவில்லை என்பதே என் முறையீடு.

முதலில், நீங்கள் சொன்ன விதங்களை நினைவுபடுத்துகிறேன். திரையரங்கில் படம் தொடங்குமுன் எச்சரிக்கை வரும்; படத்தில் கதாநாயகன் பற்றவைத்தால் கீழே ஒரு வரி ஓடும். எச்சரிக்கை முடிந்து இடைவேளை விட்டதும் நாங்கள் வெளியே போய்ப் பற்றவைப்போம். ஆண்டுதோறும் உலகப் புகையிலை எதிர்ப்பு நாளான மே 31 அன்று ஊர்வலம் வரும். வெயிலில் பதாகை பிடித்து நடக்கும் பிள்ளைகள், பேருந்து நிலையத்துச் சுவரோரம் நிற்கும் எங்களைப் பார்த்து முழக்கமிட்டுச் செல்வார்கள். நாங்கள் கையைப் பின்னால் மறைத்துக்கொள்வோம். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2016 ஏப்ரல் முதல் சிகரெட் அட்டையின் 85 விழுக்காட்டை எச்சரிக்கைப் படம் அடைத்துக்கொண்டது. இவற்றில் எதையும் நான் குறை சொல்லவில்லை. பேருந்தில் என் அருகில் உட்கார நேர்ந்தவர்கள் பட்ட பாடு எனக்கு இப்போதுதான் மூக்கில் உறைக்கிறது. அந்தச் சட்டம் அவர்களைக் காப்பாற்றியது. ஆனால் என் போன்றவனுக்கு அவை எல்லாம் ஒரே ஒரு செய்தியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லின: இது கெட்டது. அது எனக்கு 1989-லேயே தெரியும். முதல் சிகரெட்டைக் கொடுத்த டிரைவர் அண்ணனே, "ராத்திரி தூக்கம் வராம இருக்க ஒண்ணு இழு, ஆனா பழகிக்காதே தம்பி" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

2018 செப்டம்பர் முதல் சிகரெட், பீடி, புகையிலைப் பொட்டலங்கள் எல்லாவற்றிலும், பழக்கத்தை விட விரும்புவோர் கட்டணமின்றி அழைக்கலாம் என்று 1800-11-2356 என்ற எண் அச்சாகிறது. மிக நல்ல ஏற்பாடு. அந்த எண் அச்சாகத் தொடங்கி ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் வரை அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. நாளுக்குப் பதினைந்து பிடிப்பவனுக்கு எப்படித் தெரியாமல் போகும் என்று நீங்கள் கேட்கலாம். நான் அட்டைப்பெட்டி வாங்கியதே இல்லை, ஐயா. பெட்டிக்கடையில் "அண்ணே ஒண்ணு" என்றால் கடைக்காரர் கண்ணாடிக்கு உட்புறம் திறந்திருக்கும் பெட்டியிலிருந்து ஒன்றை உருவி நீட்டுவார். கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். எங்கள் ஆபீசைச் சுற்றியுள்ள டிரைவர்கள், கிளீனர்கள், லோடுமேன்கள், பாடி கட்டும் பட்டறைத் தச்சர்கள் எல்லோரும் அப்படித்தான். முழுப்பெட்டி வாங்கிச் சட்டைப்பையில் வைத்தால் வீட்டில் பார்த்துவிடுவார்கள் என்பது ஒன்று. பெட்டி கையில் இருந்தால் பதினைந்து இருபதாகிவிடும் என்ற பயம் இன்னொன்று. உதிரியாக வாங்குபவன் எச்சரிக்கைப் படத்தையும் பார்ப்பதில்லை, உதவி எண்ணையும் பார்ப்பதில்லை. விடவேண்டும் என்ற எண்ணத்தால்தான் அவன் உதிரியாக வாங்குகிறான் என்பதையும், அதனாலேயே விடுவதற்கான எண் அவன் கண்ணில் படாமல் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அச்சடித்த செலவு எங்கே வீணாகிறது என்பது விளங்கும்.

மகாராஷ்டிர அரசு 2020-இல் உதிரி சிகரெட் விற்பனையைத் தடை செய்தது. இங்கும் அது வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளி முடித்த பையன்கள் கையில் பத்து இருபது ரூபாயோடு தொடங்கிவிடாமல் தடுக்க அது உதவும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் தடை வரும்வரை காத்திருக்க வேண்டாத ஒரு காரியம் உண்டு. கடையில் அந்த லைட்டர் தொங்கும் இடத்துக்கு நேர் மேலே, கையளவு தகட்டில், அந்த எண்ணை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி மாட்டச் சொல்லுங்கள். பற்றவைக்கக் குனிந்து நிமிரும் ஒவ்வொருவர் கண்ணிலும் அது படும். படமும் வேண்டாம், பயமுறுத்தலும் வேண்டாம்.

இனி நான் விட முயன்று தோற்ற கதை. இது என் சொந்தக் கதை மட்டுமாக இருந்தால் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ள மாட்டேன். மத்திய அரசு நடத்திய 2016-17-ஆம் ஆண்டுப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் புகைப்பவர்களில் 55.4 விழுக்காட்டினர் விடுவதற்குத் திட்டமிட்டோ யோசித்தோ கொண்டிருந்தார்கள், 38.5 விழுக்காட்டினர் அதற்கு முந்தைய 12 மாதங்களுக்குள் ஒருமுறையாவது விட முயன்றிருந்தார்கள். சுவரோரம் நின்று புகைக்கும் பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேர் கடந்த ஓராண்டுக்குள் விட்டுப் பார்த்துத் தோற்றவர்கள் என்று அதற்குப் பொருள். ஊர்வலத்தில் வரும் பிள்ளைகளிடம் இதையும் யாராவது சொல்லியிருக்கலாம்.

நான் சபரிமலைக்கு நான்கு முறை மாலை போட்டிருக்கிறேன். நான்கு முறையும் விரதம் முழுவதும் ஒரு சிகரெட்டைக்கூடத் தொடவில்லை. ஒருமுறை 41 நாள், மூன்று முறை 48 நாள். நான்கு முறையும் மாலையைக் கழற்றிய அன்றே, ஊர் வந்து சேருமுன்பே, வழியில் தேநீருக்கு வண்டி நின்ற இடத்தில் பற்றவைத்தேன். இதை நினைத்துப் பல ஆண்டுகள் என்னையே நான் இழிவாக எண்ணியிருக்கிறேன். சாமிக்காக விட முடிந்தவனுக்குப் பெண்டாட்டி பிள்ளைகளுக்காக விட முடியவில்லையே என்று என் மனைவி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பின்னாளில்தான் புரிந்தது. புகையிலையில் உள்ள அடிமைப்படுத்தும் பொருளான நிக்கோட்டின் நின்றதும் உடல் படுத்தும் பாடு முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே 48-ஆம் நாளில் என் உடம்பு சிகரெட்டைக் கேட்கவில்லை. கேட்டது தேநீர்க்கடை பெஞ்சு. விரதத்தில் அந்தப் பெஞ்சில் நான் உட்கார்ந்ததே இல்லை. கறுப்பு வேட்டியோடு இருப்பவனிடம் யாரும் சிகரெட்டை நீட்டியதும் இல்லை. சூழ்நிலை முழுவதும் எனக்குக் காவல் நின்றது. மாலையோடு காவலும் கழன்றது. அதோடு, அந்த விரதத்துக்கு முடிவுத் தேதி ஒன்று இருந்தது. நாற்பதாம் நாளிலிருந்தே மனம் அந்தத் தேதியை எண்ணத் தொடங்கிவிடும்.

கார்த்திகை, மார்கழியில் தமிழ்நாட்டுச் சாலைகளைப் பார்க்கும் எவருக்கும் தெரியும், எத்தனை ஆயிரம் ஆண்கள் அந்த நாட்களில் புகையையும் குடியையும் தள்ளி வைக்கிறார்கள் என்று. தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடப்பவர்களும் அப்படியே. ரம்ஜான் மாதத்தில் பகல் முழுவதும் புகைக்காமல் இருந்து, நோன்பு திறந்ததும் பற்றவைக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. உடம்பின் பாடு முடிந்து, பழக்கத்தின் பாடு மட்டும் மிச்சமிருக்கும் மனிதர்கள் இத்தனை பேர் ஆண்டுதோறும் ஒரே பருவத்தில் ஒன்றாகக் கிடைப்பது எந்தச் சுகாதாரத் துறைக்கு வாய்க்கும்? மே 31-க்குச் செய்வதில் பாதியை மாலை கழற்றும் நாட்களுக்குச் செய்யுங்கள். பக்தர்களுக்கென்று வழியில் மருத்துவ முகாம் போடுமிடத்தில் ஒரு மேசை போட்டு, "இத்தனை நாள் விட்டுவிட்டீர்கள், இதை அப்படியே தொடர உதவி வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டால் போதும். என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நான் விட்ட ஆண்டு 2022 ஆக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

2021-இன் இறுதியில் இருமல் விடாமல் பிடித்துக்கொண்டது. ஓர் அரசு மருத்துவமனையில் காட்டினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், சளிப் பரிசோதனை செய்தார்கள், காசநோய் இல்லை என்றார்கள். மருத்துவர் இளைஞர்; அவருக்கு முன் நீண்ட வரிசை. "சிகரெட் பிடிப்பீங்களா? விட்டுடுங்க" என்றார். சீட்டில் இருமல் மருந்து எழுதினார். நான் எழுந்தேன். மரியாதைக் குறைவாக அவர் ஏதும் சொல்லவில்லை. அந்த வரிசைக்கு நடுவே அதற்குமேல் அவரால் சொல்ல முடிந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எனக்குப் பின்னால் நின்ற சர்க்கரை நோயாளிக்கு "சர்க்கரையைக் குறைங்க" என்று மட்டும் சொல்லி வெறுங்கையோடு அவர் அனுப்பவில்லை. மாத்திரை எழுதினார், உணவு முறையைச் சொன்னார், அடுத்த மாதம் வரச் சொன்னார். புகையிலைக்கு அடிமைப்படுவதை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் வைத்திருக்கிறது. பட்டியலில் நோயாக இருப்பது புறநோயாளிச் சீட்டில் அறிவுரையாகச் சுருங்கிவிடுவதுதான் எனக்கு விளங்கவில்லை.

அறிவுரை வீண் என்று நான் சொல்லவில்லை. மருத்துவர் சொல்லும் ஒற்றை வாக்கியத்துக்கும் பலன் உண்டு என்பதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. நானும் அன்று வீட்டுக்கு வந்து மூன்று நாள் விட்டேன். அந்த மூன்று நாட்களை என் வீட்டார் இன்னும் மறக்கவில்லை. கையில் பேனா நடுங்கியது, பேரேட்டில் கூட்டல் தப்பியது, இருபது ஆண்டுப் பழக்கமுள்ள ஒரு டிரைவரை வாடகை பாக்கி விஷயமாக நான் பேசிய பேச்சுக்கு மறுநாள் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. எவ்வித உதவியும் இல்லாமல் விடுபவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர்தான் ஆறு மாதம், ஓராண்டு என்று தாக்குப்பிடிக்கிறார்கள். மீதி 95 பேருக்கும் மன உறுதி இல்லை என்று சொல்லிவிடுவது எளிது. நேரத்துக்குத் தூங்காமல் ஓங்கோலுக்கும் நாக்பூருக்கும் இரவு பகலாக முட்டை லோடு ஓட்டிப் போகிறவனிடம் உறுதிக்குப் பஞ்சம் என்று என்னால் நம்ப முடியவில்லை.

நான்காம் நாள் மருந்துக்கடைக்காரர் ஒருவர்தான் நிக்கோட்டின் சூயிங்கம் என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். 2 மில்லிகிராம், மருத்துவர் சீட்டு இல்லாமலே தருவார்கள். மிட்டாய்க் கடைச் சூயிங்கம் போலவே அதை வாயில் போட்டு மென்று தள்ளினேன். விக்கல் எடுத்தது, தொண்டை எரிந்தது, வயிறு புரட்டியது. இது ஏமாற்று வேலை என்று மீதியை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பெட்டிக்கடைக்கே போனேன். அதை மெதுவாகச் சில முறை மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, காரம் குறைந்தபின் மறுபடி மெல்ல வேண்டும் என்பதும், வாயின் தோல் வழியாகத்தான் மருந்து உடலுக்குள் போகிறது என்பதும், காபி, தேநீர், பழச்சாறு குடித்த கையோடு போட்டால் மருந்து சரியாக ஏறாது என்பதும் எனக்கு யார் சொன்னார்கள்? நானோ ஒவ்வொரு முறையும் தேநீரைக் குடித்துவிட்டுத்தான் அதை வாயில் போட்டேன்.

இந்த நிலையில்தான், 2022-இல் ஒரு நாள் காலை, முந்தைய இரவு யாரோ ஆபீஸ் வாசலில் போட்டுவிட்டுப் போன காலி அட்டையைப் பெருக்கித் தள்ளும்போது அந்த எண்ணைப் பார்த்தேன். அழைத்தேன். தமிழிலேயே பேசினார்கள். பேசிய பெண் கேட்ட முதல் கேள்வியில் நான் அசந்துபோனேன். "காலையில எழுந்து எத்தனை நிமிஷத்துல முதல் சிகரெட் பிடிப்பீங்க?" 33 ஆண்டுகளில் எந்த மருத்துவரும், எந்த முகாமும், எந்த விளம்பரமும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. பல் துலக்குமுன் என்றேன். எழுந்த அரை மணிக்குள் முதல் சிகரெட்டைத் தேடுபவருக்குப் பற்று ஆழமாக இருக்கிறது, 2 மில்லிகிராம் போதாமல் போகலாம், 4 மில்லிகிராம் தேவைப்படலாம், அதற்கு மருத்துவர் சீட்டு வேண்டும் என்று விளக்கினார். அந்தச் சீட்டைத்தான் நான் மருத்துவமனையில் வாங்காமல் வந்திருந்தேன். அந்த மருத்துவருக்கும் எழுதத் தோன்றவில்லை, எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

பத்து நாள் தள்ளி, விடுவதற்கு ஒரு தேதியைக் குறித்தோம். எந்த எந்த நேரத்தில், யாரோடு, எதற்குப் பின் பிடிக்கிறேன் என்று அதற்குள் எழுதி வரச் சொன்னார். கணக்கு எழுதுவது என் தொழில் என்பதால் இது மட்டும் சுலபமாக இருந்தது. பதினைந்தில் ஒன்பது தேநீரோடு பிடித்தவை; நான்கு, லோடு ஏறும்போது வெளியே நின்று பிடித்தவை; உண்மையிலேயே வேண்டும் என்று பிடித்தவை காலையில் ஒன்று, இரவு உணவுக்குப் பின் ஒன்று, அவ்வளவே. தேநீரைப் பற்றி எனக்கு எவரும் சொல்லாத இன்னொன்றும் பிறகு தெரிய வந்தது. புகையில் உள்ள சில பொருட்கள் கல்லீரலைத் தூண்டிவிட்டு, தேநீரிலும் காபியிலும் உள்ள காஃபீனை உடல் விரைவாகக் கழிக்கும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைகிறது. அதே ஆறு தேநீர் இப்போது உடம்பில் கூடுதல் நேரம் தங்குகிறது. படபடப்பு, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் சிகரெட் இல்லாத ஏக்கம் என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்களில் எத்தனை பேருக்குத் தேநீரைப் பாதியாகக் குறைக்கச் சொன்னால் போதுமாக இருந்திருக்கும்? நான் மூன்றாகக் குறைத்தேன். டீக்கடைப் பெஞ்சை விட்டு, டம்ளரை ஆபீசுக்கே வரவழைத்துக்கொண்டேன்.

விட்ட பத்தொன்பதாம் நாள் எங்கள் வண்டி ஓட்டிய ஒருவர் விபத்தில் இறந்தார். மயானத்துக்கு வெளியே நின்றவர்கள் ஆளுக்கொன்றைப் பற்றவைத்தார்கள். நானும் வாங்கி இரண்டு பிடித்தேன். முன்பெல்லாம் அத்தோடு முடிந்துவிட்டதாக எண்ணி அன்று மாலையே பழையபடி பதினைந்துக்குத் திரும்பியிருப்பேன். மறுநாள் அந்த உதவி எண்ணிலிருந்து அவர்களே அழைத்தார்கள். சொல்லக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் சொன்னேன். "பதினெட்டு நாள் பிடிக்கலையே சார், அந்த ரெண்டுக்காக அதை ஏன் அழிக்கணும்?" என்று கேட்டு, அன்றே மீண்டும் தொடரச் செய்தார்கள். நான் விட்டது அந்த ஒரு தொலைபேசி அழைப்பினால்தான் என்று சொன்னால் மிகையாகாது. நாங்களாக அழைக்கத் தேவையான துணிவு தோற்ற நாளில் எங்களுக்கு இருப்பதில்லை.

இனி நான் கேட்பவை. கேட்க எனக்கு என்ன தகுதி என்றால், இந்த மாநிலத்தில் இருக்கும் ஏற்பாடுகளைப் பார்த்து அவற்றின்மேல் எனக்குள்ள நம்பிக்கைதான். 1990-களில் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகத்தை அமைத்து, மருந்துகளை மொத்தமாகக் கொள்முதல் செய்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை கொண்டு சேர்த்ததற்காக மற்ற மாநிலங்கள் இங்கே வந்து பாடம் கற்றுச் சென்றன. இந்தச் சூயிங்கம் போன்ற நிக்கோட்டின் மாற்று மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே இன்றியமையாத மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டின் 2022-ஆம் ஆண்டு தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது இடம்பெற்றுவிட்டது. ரத்த அழுத்த மாத்திரை எப்படி எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிடைக்கிறதோ, அப்படியே இதுவும், இரண்டு அளவுகளிலும், எந்த நாளில் போனாலும் கிடைக்க வேண்டும். விலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிகரெட் பிடித்த எனக்கு, அதை நிறுத்திய காசில் சூயிங்கம் வாங்கக் கட்டுபடியானது. பீடி பிடிப்பவருக்கு அது கட்டாது. ஒரு கட்டுப் பீடியின் விலை எங்கே, ஒரு நாளைக்கு வேண்டிய சூயிங்கத்தின் விலை எங்கே! இந்த நாட்டில் சிகரெட் பிடிப்பவர்களைவிடப் பீடி பிடிப்பவர்களே அதிகம் என்பதையும் அதே கணக்கெடுப்பு சொல்கிறது. ஏழைக்கு இந்த மருந்து இலவசமாகக் கிடைக்காவிட்டால் கிடைக்கவே கிடைக்காது.

மாவட்டத் தலைநகரில், மருத்துவக் கல்லூரியில், புகையிலைப் பழக்கம் விடுவதற்கான மையம் இருக்கிறதே என்பீர்கள். எங்கள் டிரைவர் ஊரில் இருப்பது மாதத்தில் சில நாட்கள். அந்த நாட்களில் ஒரு பகலைப் புறநோயாளி வரிசையில் செலவிட அவர் வரமாட்டார். வரவில்லை என்று அவரைக் குறை சொல்லவும் முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் என் தாயாருக்கு ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் அந்தச் சகோதரி எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் அறிமுகமானவர். எந்த வீட்டில் யார் பிடிக்கிறார்கள், யார் வாயில் புகையிலை அதக்குகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவரைப் போன்றவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்து, காலையில் முதல் சிகரெட் எப்போது என்ற அந்த ஒற்றைக் கேள்வியைக் கேட்கவும், சூயிங்கத்தை மெல்லும் முறையைச் சொல்லித்தரவும், குறித்த தேதிக்கு மறுநாளும் மறுவாரமும் போனில் விசாரிக்கவும் வழி செய்யுங்கள். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊக்கத்தொகையும் கொடுங்கள். ஏற்கெனவே குறைந்த தொகைக்கு நிறைய நடப்பவர்கள் அவர்கள்.

காசநோயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சென்னை நகரிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களையும், உயிரோடிருந்த 35,000 ஆண்களையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வொன்று 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது புகைக்காதவர்களைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்றும், இந்தியாவில் ஆண்களின் காசநோய் மரணங்களில் பாதிக்குப் புகையே காரணம் என்றும் அது கண்டது. இது வேற்று நாட்டு ஆய்வு இல்லை, நம் மண்ணில் நம் ஆட்களை வைத்துச் செய்தது. காசநோய் இறப்புகளைக் குறைக்கவென்றே 2022-இல் தனித்திட்டம் தொடங்கிய மாநிலம் இது. காசநோயாளிக்கு ஆறு மாதம் மருந்து தருகிறோம். விடாமல் விழுங்குகிறாரா என்று கண்காணிக்கிறோம். எங்கள் ஆபீசுக்கு வந்துபோன ஒரு கிளீனர் ஒரு கையில் அந்த மருந்துப் பையையும் மறு கையில் பீடியையும் வைத்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அன்று அவரோடு நின்று நானும் புகைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பையிலேயே விடுவதற்கான மருந்தும் இருந்திருக்கலாம்.

200 ரூபாய் அபராதத்துக்கு ரசீது தருகிறீர்கள் அல்லவா? அதன் பின்புறம் வெறுமையாகத்தான் இருக்கிறது. அங்கே அந்தத் தொலைபேசி எண்ணை அச்சடியுங்கள். அபராதம் கட்டிய எரிச்சலில் இருப்பவன் அதைக் கிழித்துப் போடுவான் என்று தோன்றலாம். எனக்கு ஒருமுறை பேருந்து நிலையத்தில் ரசீது கொடுத்தார்கள். வீட்டுக்குத் தெரியாமல் மறைக்க அதைப் பர்ஸின் உள்ளறையில் வைத்து இரண்டு ஆண்டுகள் சுமந்தேன்.

புகைப்பவன் தானே காசு கொடுத்துத் தேடிக்கொண்ட வினைக்கு அரசு ஏன் செலவழிக்க வேண்டும் என்று கேட்பவர்களும் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஒவ்வொரு சிகரெட்டுக்கும் நாங்கள் கட்டிய வரி எங்கே போயிற்று என்று பதிலுக்குக் கேட்கலாம். நான் அந்த வழியில் போகவில்லை. நாங்கள் விடாவிட்டால் மாரடைப்பு, நுரையீரல் அடைப்பு, புற்றுநோய் என்று வந்து படுக்கப்போவதும் உங்கள் கட்டிலில்தான். விட்டால் என்ன கிடைக்கும் என்பதும் தெரிந்ததே. பிரிட்டனில் மருத்துவர்களையே 50 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-இல் வெளியிட்ட ஆய்வு, 50 வயதில் விட்டவர்கள் தொடர்ந்து புகைப்பவர்களைவிட ஏறத்தாழ 6 ஆண்டுகளும், 60 வயதில் விட்டவர்கள் 3 ஆண்டுகளும் கூடுதலாக வாழ்ந்ததாகக் காட்டியது. "இத்தனை வருஷம் பிடிச்சாச்சு, இனிமே விட்டு என்ன ஆகப்போகுது" என்பது எங்கள் பெஞ்சில் தினமும் கேட்கும் பேச்சு. அந்த 6-ஐயும் 3-ஐயும் எந்த விளம்பரமும் எங்களுக்குச் சொன்னதில்லை. புண் பிடித்த வாயின் படத்தை மட்டும் காட்டினீர்கள். பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

விட்ட பிறகு எல்லாம் இன்பமயம் என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் மாதம் இருமல் குறையாமல் கூடியது; மலச்சிக்கல் வந்தது; வாயில் புண் வந்தது; எடை ஐந்து கிலோ ஏறியது, அதில் மூன்று இன்னும் இறங்கவில்லை. இவை எல்லாம் வரும், போகும் என்று தொலைபேசியில் முன்பே சொல்லியிருந்ததால்தான் பயப்படாமல் இருந்தேன். பயந்து போய் "சிகரெட்டை விட்டதும்தான் எனக்கு உடம்புக்கு வந்தது" என்று மறுபடி தொடங்கிய இருவரை எனக்குத் தெரியும். இதையெல்லாம் ஒரே தாளில், எளிய தமிழில் எழுதிக் கொடுக்க எவ்வளவு செலவாகும்? இன்றும் மழைக்கு முந்தைய சாயங்காலங்களில், லோடு ஏறி முடிந்து வண்டி கிளம்பும்போது கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. சில நிமிடங்களில் அது அடங்கிவிடும் என்று இப்போது தெரியும்.

எங்கள் ஆபீசுக்கு வருகிறவர்களுக்கு என்னால் முடிந்ததைச் செய்கிறேன். அந்த எண்ணைப் பெரிய அட்டையில் நானே எழுதிப் பலகைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். ஏழு பேர் அழைத்தார்கள், இருவர் விட்டிருக்கிறார்கள், ஒருவர் விட்டும் பிடித்தும் கொண்டிருக்கிறார். திங்கட்கிழமை அழைத்து, யாரும் எடுக்கவில்லை என்று என்னிடம் கோபித்துக்கொண்டவரும் உண்டு. அன்று அவர்களுக்கு விடுமுறை என்பதை மறுநாள்தான் அட்டையில் சேர்த்து எழுதினேன். என் கையெழுத்தைவிட அரசு முத்திரையுள்ள பலகைக்கு மதிப்பு அதிகம். நீங்கள் அனுப்பினால் மாட்டுவதற்கு வாசல் சுவரில், டிரைவர்கள் லோடு சீட்டு வாங்க வரிசையில் நிற்குமிடத்துக்கு நேர் எதிரே, மூன்றடிக்கு இரண்டடி இடத்தைச் சுண்ணாம்பு அடித்துக் காலியாக வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ் கணக்கர் ஒருவர்